பின்சீட்டில் நான் செய்த காரியம்

என் மகள் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் சாலையில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் காருக்குள், என் கையிலிருந்து பறந்து போனாள். அழகுக்காக அப்படி எழுதவில்லை. நழுவினாள் என்று எழுதலாமா என்று யோசித்துப் பார்த்தேன். நழுவுவதற்குக் கொஞ்சமாவது நேரம் வேண்டும், பிடித்த கைக்கு அது தெரியும். என் கைக்கு எதுவும் தெரியவில்லை. இருந்தாள், பிறகு இல்லை. அவளுக்கென்றே பெல்ட் போட்டு இறுக்கி மாட்டிவைத்த குழந்தை இருக்கை என் பக்கத்தில் காலியாக இருந்தது.

இத்தனை வருடங்களாக இதை நான் எங்கும் எழுதியதில்லை. எழுதினால், பிள்ளையை ஏன் இருக்கையிலிருந்து எடுத்தாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நான் என் கல்யாணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நான் இந்து, என் கணவர் கத்தோலிக்கர். இரண்டு பேருமே சிங்கப்பூரில் பிறந்த தமிழர்கள்தான். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு ஒரே பேருந்தில் வேலைக்குப் போய்ப் பழகியவர்கள். எங்கள் வீட்டில் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் வீட்டில் பேசினார்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு பேசினார்கள். பிறக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வர வேண்டும். நான் தலையாட்டினேன். பிறக்கப்போகிற பிள்ளையைப் பற்றித்தானே, பிறந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது, எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற திமிர் இருந்தது.

பிள்ளை அவ்வளவு சுலபமாக வரவில்லை. இரண்டு முறை கலைந்தது. மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தேன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி சிராங்கூன் சாலைக்குப் போனேன். சாலையை ஒட்டியே இருக்கும் அம்மன் கோயில் அது. நடை சாத்தும் நேரம். வாசலில் நின்றபடியே, இந்தப் பிள்ளையை மட்டும் எனக்குக் கொடுத்துவிடு, வாராவாரம் கொண்டுவந்து உன் கண்ணில் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, திரும்பி ஓடிவந்து தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். ஒரு மாதத்தில் ஞானஸ்நானம் நடந்தது. கோயிலில் நான் வேண்டிக்கொண்டதை என் கணவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் தடுத்திருக்க மாட்டார் என்பது இப்போது தெரிகிறது. அப்போது நான் கொடுத்த வாக்கு என் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. பூசைக்கு வருகிறேன் என்று தலையாட்டியவள், நான் கோயிலுக்கும் போக வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பேன்?

அந்தக் குழந்தை இருக்கை எங்கள் வீட்டுக்கு வந்தது கம்பெனி மேலாளரின் மனைவியால். அமெரிக்கப் பெண். அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது, எனக்குக் குழந்தை பிறந்திருப்பதைக் கேள்விப்பட்டு, தன் மகன் உட்கார்ந்த இருக்கையைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. முன்சீட்டில் உட்காருகிறவர்கள்தான் பெல்ட் போட வேண்டும், பின்சீட்டில் பல கார்களில் பெல்ட்டே கிடையாது. பிள்ளைகள் பின்சீட்டில் எழுந்து நின்று, பின்னால் வரும் கார்களுக்குக் கையாட்டிக்கொண்டு போவார்கள். கைக்குழந்தை என்றால் அம்மாவின் மடி. அதைவிட வேறு இடம் இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

என் கணவருக்கு மட்டும் தோன்றியிருந்தது. அவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். வேலையில் பார்த்ததை வீட்டில் பேச மாட்டார். சில நாட்கள் வந்ததும் நேராகக் குளிக்கப் போய்விடுவார், ரொம்ப நேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும், நானும் எதுவும் கேட்க மாட்டேன். ஆனால் அந்த இருக்கையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, இதெல்லாம் நமக்கு எதற்கு, நான்தான் மடியில் வைத்துக்கொள்கிறேனே என்று சொன்னபோது மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்.

"கையிலதான் வச்சிருந்தேன், கெட்டியாத்தான் பிடிச்சிருந்தேன்னு சொல்வாங்க. எல்லா அம்மாவும் அதையேதான் சொல்வாங்க."

அதற்குப் பிறகு நான் மடியைப் பற்றிப் பேசவில்லை.

எங்கள் கார் பழைய ஜப்பான் கார், எங்களுக்கு முன்பே இரண்டு பேர் வைத்திருந்தது. பின்சீட்டில் பெல்ட் இல்லை. புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குச் சற்றுத் தள்ளியிருந்த பட்டறைக்குப் போய், பின்சீட்டில் இடுப்புப் பெல்ட் ஒன்று பொருத்தித் தரச் சொன்னார். சீனப் பெரியவர் ஒருவர் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். பேபிக்கு பெல்ட்டா, மம்மி கை இருக்கு லா என்று சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. பெல்ட்டைப் பொருத்தி முடித்ததும் அதைப் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்த்தார். கார் ஆடியது. பெரியவரின் சிரிப்பு நின்றது.

இருக்கையைக் கொடுத்த பெண் எல்லாவற்றையும் எனக்குச் செய்துகாட்டியிருந்தார். குழந்தையின் முகம் காரின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். தோளுக்கு இரண்டு வார், கால்களுக்கு நடுவே ஒன்று, மூன்றும் ஒரே பட்டனில் வந்து சேரும். வாருக்கும் நெஞ்சுக்கும் இடையே ஒரு விரல் நுழையலாம், அதற்குமேல் நுழைந்தால் இறுக்க வேண்டும். துண்டில் சுற்றி, அதன்மேல் வார் போடக்கூடாது. காரைவிட்டு வெளியே எடுத்தால் தரையில்தான் வைக்க வேண்டும், மேசையில் வைக்கக்கூடாது. வீட்டில் அதிலேயே தூங்கவிடக்கூடாது, தலை முன்னால் சரிந்து மூச்சு அடைக்கும். என் கணவர் இவை அத்தனையையும் வேதம் மாதிரி எடுத்துக்கொண்டார். வெயிலில் நிறுத்திய காரில் பட்டனின் உலோகம் கொதித்துக் கிடக்கும் என்று அவராகவே கண்டுபிடித்து, இறங்கும்போதெல்லாம் அதன்மேல் வெள்ளைத் துண்டைப் போட்டு மூடினார்.

நாங்கள் போகும் இடமெல்லாம் கேலிதான். இரண்டு கையாலும் இருக்கையை ஏந்திக்கொண்டு அவர் நடந்துவருவதைப் பார்த்து, எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள், யார் வீட்டுக்குச் சீர்த்தட்டு தூக்கிட்டுப் போறீங்க தம்பி என்று கேட்டார். தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், பிள்ளையைக் கீழே வைக்கிறீங்களே, மேசையில வைங்க, நாய்க்குட்டியா அது என்று பரிமாறுகிறவர் அங்கலாய்த்தார். எனக்கும் மானம் போனது போலத்தான் இருந்தது. இலையைக் கழுவித் தெளித்த தண்ணீர் மேசையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் எதிரே இருந்த காலித் தட்டை ஒரு விரலால் தள்ளினார். தட்டு ஈரத்தில் வழுக்கிக்கொண்டு விளிம்புவரை போய் நின்றது. பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு போய்விட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் ஓட்டுகிற காரில்தான், அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் தேக்காவில் காய்கறி வாங்குவோம். பிறகு சிராங்கூன் சாலை வழியாகப் போய்ச் சுற்றி வீடு திரும்புவோம். அந்தச் சாலையில் போனால் அம்மன் கோயிலைக் கடந்துதான் ஆக வேண்டும். கோயிலைக் கடக்கும்போது நம்மவர்கள் என்ன செய்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸில் போகிறவர்கூடக் கையில் இருக்கிற பையை மடியில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். கைப்பிள்ளை இருந்தால், தூக்கி, அதன் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, சாமி பாரு என்று காட்டுவார்கள். நானும் குழந்தையாக இருந்தபோது அப்படித் தூக்கிக் காட்டப்பட்டவள்தான். வாராவாரம் கண்ணில் காட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டவளுக்கு, கோயில் வாசலிலேயே வாராவாரம் கார் போகிறது என்றால், அம்மனே வழி செய்து கொடுத்துவிட்டாள் என்றுதானே தோன்றும்?

முதல் வாரம் இருக்கையில் இருந்தபடியே அவள் கைகளைச் சேர்த்துப் பார்த்தேன். அவள் முகம் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது, கோயில் இடது பக்கம் ஓடி மறைந்துவிட்டது. எனக்குத் திருப்தி இல்லை. முதுகைக் காட்டியபடி போய்விட்டதுபோல மனம் உறுத்தியது.

அடுத்த வாரத்திலிருந்து கழற்றினேன். வீட்டிலேயே பழகிக்கொண்டேன். பட்டனை அழுத்து, தோள் வாரை விலக்கு, தூக்கு, ஜன்னல் பக்கம் திருப்பு, கையைச் சேர், திரும்ப வை, மாட்டு. கோயிலுக்குச் சற்று முன்னால் வரும் தங்கக் கடையருகே தொடங்கினால், அடுத்த சிக்னலுக்குள் முடித்துவிடலாம். பட்டன் போடுகிற சத்தம் அவருக்குக் கேட்கக்கூடாது என்று அந்த நேரம் பார்த்து இருமுவேன். ஒரு வாரம் அவர், இருமல் மருந்து வாங்கணுமா என்று கேட்டார். வேண்டாம், தொண்டையில் தூசி என்றேன். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் ஒரு பாவமும் செய்யாமல் நல்ல மருமகளாக இருந்துகொண்டே, எனக்கென்று ஒரு நிமிடத்தைத் திருடிக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு வாரம் எதுவும் நடக்கவில்லை. நடக்காததால் நடக்காது என்று முடிவே கட்டிவிட்டேன்.

அன்றைக்கும் அப்படித்தான். தங்கக் கடை வந்தது, பட்டனை அழுத்தினேன், இருமினேன். அவளைத் தூக்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். கார் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்று நினைத்தேன். கோயில் கோபுரம் தெரிந்தது. அவள் விரல்களைச் சேர்த்துப் பிடித்தேன். அன்று அவள் தானாகவே ஒரு கையை இன்னொரு கையோடு ஒட்டினாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்போது நின்றிருந்த லாரிக்கு முன்னாலிருந்து, தலையில் பூக்கூடையோடு ஒருவர் சாலையில் இறங்கினார். இதைப் பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. பிரேக் போட்ட சத்தத்தையும் நான் கேட்டதாக நினைவில்லை. என் தோள் முன்சீட்டில் மோதியது. என் இரண்டு கையும், பிள்ளையைப் பிடித்திருந்த அதே வடிவத்தில், வெறுமையாக என் முன்னால் நின்றன. அந்தக் கைகளைப் பார்த்தேன். எனக்கு விளங்கவே இல்லை.

அவள் முன்சீட்டின் முதுகில் மோதி, கீழே, கால் வைக்கும் இடத்தில் கிடந்தாள். காய்கறிப் பையிலிருந்து சிதறிய தக்காளிகள் அவளைச் சுற்றி உருண்டுகிடந்தன. அழுகை இல்லை. ஐந்து மாதப் பிள்ளை இவ்வளவு பெரிய சத்தத்துக்குப் பிறகு அழாமல் கிடந்தால் அதன் அர்த்தம் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் குனிந்து அள்ளப்போனேன்.

"தொடாத. அசைக்காத." அவர் குரல் அவர் குரலாகவே இல்லை.

அவர் இறங்கிச் சுற்றிவந்து கதவைத் திறந்து முட்டிபோட்டார். பூக்கூடைக்காரர் ஒரு காயமும் இல்லாமல் நின்றார். கடைகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். யாரோ போன் செய்தார்கள். என் கணவர் அவள் மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது ஒரு முனகல் வந்தது. பூனைக்குட்டி முனகுவதுபோல மெல்லியதாக. அதைக் கேட்டதும் தார்ச்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வந்தது அவரோடு வேலை செய்கிறவர்கள் ஓட்டுகிற ஆம்புலன்ஸ். எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள். உள்ளே ஏறியதும் அவர்களில் மூத்தவர் படிவத்தை எடுத்துக்கொண்டு என்னைக் கேட்டார். அவர் எங்கள் காருக்குள் எட்டிப் பார்த்திருந்தார், காலி இருக்கையைப் பார்த்திருந்தார்.

"பிள்ள சீட்டுல இல்லையாம்மா?"

என் வாய் திறந்தது. உண்மை வரும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன்.

"சீட்டுலதான் இருந்தா. ஸ்ட்ராப் கழண்டுக்கிச்சு."

என் கணவர் மகளின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்தபடி குனிந்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு அந்தப் பெரியவரிடம், "நான்தான் காலையில மாட்டினேன். சரியா மாட்டல போல," என்றார். பொய் படிவத்தில் ஏறியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதும் அதையேதான் சொன்னோம். இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிடச் சுலபமாக இருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை அதிர்ச்சி.

கழுத்துக்குக் கீழே தோள் எலும்பு முறிந்திருந்தது. அது ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். தலையில்தான் பயம். ஒரு பக்கம் வீங்கியிருந்தது. இரண்டு நாள் பார்க்க வேண்டும், வாந்தி எடுத்தாலோ எழுப்பினால் எழாவிட்டாலோ உடனே கூப்பிடுங்கள் என்றார்கள். நான் கட்டிலருகே நின்றேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இந்தக் கை எதையும் பிடிக்கும் என்று ஆயுசு முழுக்க நம்பியிருந்தேன். தண்ணீர் வாளியைப் பத்து மாடி தூக்கியிருக்கிறது, ஓடுகிற பஸ்ஸின் கம்பியைப் பிடித்திருக்கிறது. ஏழு கிலோ கூட இல்லாத என் பிள்ளையை, மெதுவாகப் போன காரில், அதனால் பிடிக்க முடியவில்லை. அம்மனைக் கூப்பிடவும் வாய் வரவில்லை. மாதாவைக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. யாரையும் கூப்பிடாமல் அவள் மூச்சை எண்ணிக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் கண் திறந்து, வழக்கம்போலக் கோபமாகப் பார்த்து, பால் கேட்டு அழுதாள். குடித்ததை வாந்தி எடுக்கவில்லை. நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிழைத்துக்கொண்டாள் என்று தெரிந்ததும் நான் அழவில்லை. பொய்யும் பிழைத்துக்கொண்டது என்ற நினைப்புதான் முதலில் வந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தோம். என் கணவர் அதற்குப் பிறகு காரைத் தொடவில்லை. பஸ்ஸில் வேலைக்குப் போனார். இரண்டு வாரம் கழித்து, இனி வண்டி ஓட்ட முடியாது, ஸ்டோரில் ஏதாவது வேலை கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பதினோரு வருடம் ஓட்டியவர். ஒருமுறை கார் நிறுத்துமிடத்தில் அவரைத் தேடிப்போனேன். ஓட்டுநர் இருக்கையில் சாவி இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். நடுவில் இருக்கிற கண்ணாடி கூரையைப் பார்க்கும்படி திருப்பி விடப்பட்டிருந்தது. துடைத்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன்.

பெல்ட்டையும் வாரையும் தானே சரியாக மாட்டவில்லை என்று அவர் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அதாவது, தெரிந்தது என்று நினைத்தேன். ஒரு வாக்கியம் போதும், அவரை அதிலிருந்து இறக்கிவிட. ஒவ்வொரு நாளும் அந்த வாக்கியத்தோடு எழுந்தேன். காப்பி போட்டேன், துணி உலர்த்தினேன், மகளின் தோளில் கட்டு மாற்றினேன், வாக்கியத்தைச் சொல்லாமல் படுத்தேன். சொன்னால், கோயிலையும் சொல்ல வேண்டும். மூன்று மாதம் இப்படியே போனது.

அப்போது அவருடைய தங்கை வந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளை. புக்கிட் பாஞ்சாங்கில் இருந்தார்கள், அவள் கணவரிடமும் கார் இருந்தது. சோபாவில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டு, என் மகளைப் பக்கத்தில் போட்டுக் கொஞ்சிவிட்டு, அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணே, அந்த பேபி சீட்டு இருக்கா? எங்க வீட்டுக்காரரு அதத் தொடவே கூடாதுங்கறாரு. ஸ்ட்ராப் கழண்டுக்கிற சீட்டுன்னு. ரிப்பேர் பண்ண முடியாதா?"

இருக்கை எங்கள் ஸ்டோர் ரூமில், ஒரு பழைய போர்வையின் கீழ் இருந்தது.

என் கணவர் எழுந்தார். "அண்ணிகிட்ட கேளு," என்றார். தேநீர் போட அடுக்களைக்குப் போய்விட்டார்.

நான் தலைக்குமேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன். "அது பழசு லா. கெட்டுப்போச்சு. வேணாம்மா," என்றேன்.

"அதான் நானும் நெனச்சேன். பரவால்ல அண்ணி. ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றப்ப கையிலயே வச்சுக்கிறேன். கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா போதும்ல?"

அவள் சிரித்துக்கொண்டு வயிற்றின்மேல் இரண்டு கையையும் கோத்துக் காட்டினாள். அந்தக் கைகளை நான் பார்த்தேன். என் பிள்ளை பிழைத்துவிட்டாள், அதோடு இது முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை. நான் சொன்ன பொய், ஒரு நல்ல இருக்கையைக் கெட்ட இருக்கையாக்கி, இன்னும் பிறக்காத ஒரு பிள்ளையை அம்மாவின் கையில் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தது.

"சீட்டுக்கு ஒண்ணுமில்ல," என்றேன். "ஸ்ட்ராப் கழண்டுக்கல. நான்தான் கழட்டினேன்."

அவளுக்குப் புரியவில்லை. "எதுக்கு அண்ணி?"

"அம்மனுக்குக் காட்ட. வாராவாரம் காட்டுவேன். அன்னிக்கும் காட்டினேன். கெட்டியாத்தான் பிடிச்சிருந்தேன்."

அவள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் எழுந்து நிற்க முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்கண்ணன் சரியாச் சாப்பிட்டு மூணு மாசமாகுது. வேலைய விட்டுட்டு ஸ்டோர்ல சாமான் அடுக்கிக்கிட்டிருக்காரு. ஃபாதர்கிட்டப் போயி அழுதிருக்காரு, உங்களுக்குத் தெரியுமா? நீங்க பக்கத்துலயே இருந்துக்கிட்டு வாயத் தொறக்கல."

அவள் சொன்னது அத்தனையும் சரி.

"அவள ஏசாத," என்றார் என் கணவர். மூன்று கோப்பையோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தார். "எனக்குத் தெரியும்."

நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம். அவர் கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு, ஸ்டோர் ரூமுக்குப் போய், இருக்கையை எடுத்துவந்து தரையில் வைத்தார். "மொதல்ல இவளுக்குக் காட்டு," என்று என்னிடம் சொன்னார். நான் முட்டிபோட்டு உட்கார்ந்து, என் மகளை அதில் வைத்து, வாரை மாட்டி, ஒரு விரலை நுழைத்துக் காட்டினேன். மகள் இப்போது அதற்குக் கொஞ்சம் பெரியவளாகியிருந்தாள், கால்கள் வெளியே தொங்கின. நாத்தனார் மூன்று முறை மாட்டிக் கழற்றிப் பழகினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. போகும்போது என் கணவர் இருக்கையைத் தூக்கிக்கொண்டு கீழேவரை போய், அவளைக் கூட்டிப்போக வந்திருந்த கணவரின் காரில் பெல்ட் இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றதும் எங்கள் பட்டறையின் இடத்தைச் சொல்லிவிட்டு வந்தார்.

அவர் கதவைச் சாத்தியதும் கேட்டேன். "எப்பலேர்ந்து தெரியும்?"

"மொதல் தடவலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

அவர் சோபாவில் உட்கார்ந்தார். மகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவள் பாதத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"சொன்னா நீ நிறுத்திடுவ. நிறுத்தணும்னுதான் சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியாதா, எத்தன பிள்ளைங்களத் தூக்கியிருக்கேன். ஆனா உனக்குன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு. அத எப்படிப் பிடுங்கறதுன்னு, அந்த எடம் வந்ததும் வண்டிய மெதுவாக்கிடுவேன். மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

நான் மேசையிலிருந்த கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

"அன்னிக்குப் பாப்பா தானாவே கும்பிட்டா. கண்ணாடியில பார்த்தேன். அவ்ளோ அழகா இருந்துச்சு. அதையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மன் பக்கம் திரும்பி நான் மகளின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியில் அதே விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் பூக்கூடையோடு ஒருவர் இறங்கி வந்த அந்தச் சாலையை, காருக்குள் இருந்த மூன்று பேரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.